நான்காம் ஆண்டு மாணவர் டத்தோ மருதமுத்து

எங்கள் பதிப்பகம் டிஜிட்டலுக்கு மாறிவிட்டது என்ற அறிவிப்பு எட்டுப் பக்கத்தில் அச்சாகி, ஸ்டேப்ளர் அடிக்கப்பட்டு, ஆளுக்கு ஒன்றாக மேசைக்கு வந்தது. பெற்றுக்கொண்டதற்கு இரண்டு பிரதிகளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டோம்.

ஞானத்தேர் பதிப்பகம் மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில் முப்பத்தொரு வருடமாகத் தமிழ்ப்பள்ளிகளுக்குப் பயிற்சி நூல் போட்டுவரும் நிறுவனம். நான் அங்கே மெய்ப்புப் பார்ப்பவன். கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தாலும் மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் பிழைதான் என் கண்ணில் படும். அந்த எட்டுப் பக்கத்தில் பதினேழு இருந்தன. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. மெய்ப்புப் பார்ப்பவன் என்ற பதவி அன்று காலை ஒன்பது மணியோடு ஒழிக்கப்பட்டு, நான் உள்ளடக்கத் தரப் பொறியாளர் ஆகியிருந்தேன். வேலை மட்டும் மாறவில்லை. புதிய கைபேசிச் செயலியில் வரும் பக்கங்களை அச்சடித்து என்னிடம் கொடுப்பார்கள், நான் சிவப்பு மையில் திருத்திக் கொடுப்பேன்.

எங்கள் முதலாளி தனபாலன் நல்ல மனிதர். கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் நடந்த மூன்று நாள் கருத்தரங்குக்குப் போனார். கருத்தரங்குக்குப் போகிறவர்கள் வழக்கமாக ஒரு துணிப்பையும் ஒரு பேனாவும் கொண்டுவருவார்கள். இவர் சுரேனைக் கொண்டுவந்தார். சுரேனுக்கு முப்பத்திரண்டு வயது, தலைமை உருமாற்ற அதிகாரி என்று பதவி. வந்த வாரமே எங்கள் எல்லாரையும் கூட்டிவைத்துப் பேசினான்.

"ஃப்ரெண்ட்ஸ், நாம இனிமே புக் விக்கப் போறதில்ல. அனுபவத்த விக்கப் போறோம். புக்குல என்னா பிரச்சனன்னா, ஒரு பையன் வாங்குனா அவன் தம்பியும் அதையே வச்சுப் படிச்சிடறான். பக்கத்து வீட்டுப் புள்ளையும் படிச்சிடுது. முப்பது வருசமா இந்த லீக்கேஜ யாருமே கவனிக்கல! டிஜிட்டல்ல அந்தப் பேச்சே இல்ல. ஒருத்தன் படிக்கிறத இன்னொருத்தன் படிக்கவே முடியாது. அதுதான் தரமான கல்வி."

முதலாளி கைதட்டினார். நாங்களும் தட்டினோம்.

"அப்புறம், வேன் டிரைவர் யாரு?"

சவரியப்பன் அண்ணன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கினார். பத்தொன்பது வருடமாக ஜாசினிலிருந்து அலோர் காஜா வரைக்கும் எல்லாத் தமிழ்ப்பள்ளிக்கும் நூல் கட்டுகளை ஏற்றிப் போகிறவர் அவர்தான்.

"அங்கிள், டிஜிட்டல் புக்குக்கு வேன் தேவையில்லலா. செப்டம்பர் முப்பதோட உங்க போஸ்ட் முடியுது. அதுவரைக்கும் நீங்க உருமாற்றத்துக்கு சப்போர்ட் பண்ணணும். பெர்சனலா எடுத்துக்காதீங்க."

"சரி சார்," என்றார் அண்ணன். வெளியே வந்ததும் என்னிடம் கேட்டார்: "பெர்சனலா எடுத்துக்காம வேற எப்பிடித் தம்பி எடுத்துக்கறது?"

அவருக்கு ஐம்பத்தேழு வயது. செங் என்ற ஊரில் வீடு, மனைவி செலஸ்டின் அங்கேயே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அறுபதில் ஓய்வு பெற்று, கையில் ஒரு வாழ்த்து மடலோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் அவருடைய திட்டம். இடையில் மூன்று வருடம் இருந்தது. ஐம்பத்தேழு வயது டிரைவரை எவன் வேலைக்கு எடுப்பான்? அந்த மூன்று வருடத்துக்காக அவர் யாரையும் கையெடுத்துக் கும்பிடத் தயாராக இருந்தார்.

மே மாதம் செயலியின் வெளியீட்டு விழா வந்தது. நம் ஊர் நூல் வெளியீட்டில் முதல் நூல் என்று ஒன்று உண்டு. பிரமுகர் மேடையேறிப் பெற்றுக்கொள்ள வேண்டும், பொன்னாடை போர்த்த வேண்டும், படம் பிடிக்க வேண்டும். பிறகு இரண்டாம் நூல், மூன்றாம் நூல் என்று, முன் வரிசையில் உட்கார்ந்த ஒருவர்கூட மனத்தாங்கலோடு வீட்டுக்குப் போகாதபடி கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நூல் இருந்தால் சரி. செயலியை எப்படித் தட்டில் வைத்துக் கொடுப்பது?

இதற்காக மூன்று கூட்டம் போட்டார்கள். ஒரு டேப்லெட்டைக் கொடுக்கலாம் என்றான் சுரேன். கொடுத்தால், பிரமுகராக வரும் டத்தோ பட்டக்காரர் மருதமுத்து அதை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார் என்றார் அனுபவசாலியான முதலாளி. கடைசியில் கடவுச்சொல்லையே கொடுப்பது என்று முடிவானது. பிரமுகருக்கு என்றே காலாவதி ஆகாத, எல்லா ஆண்டு நூல்களையும் திறக்கக்கூடிய சிறப்புக் கடவுச்சொல் ஒன்றை உருவாக்கினார்கள். அதைத் தங்க எழுத்தில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, வெள்ளித் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துப் பட்டுத் துணியால் மூடினார்கள். தட்டை மேடைக்குக் கொண்டுபோனவர் சவரியப்பன் அண்ணன்தான். உருமாற்றத்துக்கு சப்போர்ட்.

ஐந்து மணி விழாவுக்கு டத்தோ மருதமுத்து ஏழேகாலுக்கு வந்தார். உம்பாய் கடற்கரைக் கடையில் சுட்ட மீன் சாப்பிட்டுவிட்டு வந்த திருப்தி முகத்தில் தெரிந்தது. அதுவரைக்கும் வரவேற்பு நடனத்துக்கு வந்த தோட்டப் பள்ளிப் பிள்ளைகள் பதினொரு பேரும் சலங்கை கட்டியபடி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கூடவே அவர்களின் வாணி டீச்சரும். மஸ்ஜித் தானா பட்டணத்தைத் தாண்டி உள்ளே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் பள்ளியிலிருந்து கூட்டிவந்திருந்தார்.

டத்தோ துணியை விலக்கினார். கைதட்டல் ஓய்ந்ததும் அறிவிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார். கணீரென்ற குரல் அவருக்கு.

"அவையோரே! முதல் நூலின் முதல் பக்கத்தை அவையில் வாசிப்பது நம் மரபு. இந்த நூலுக்குப் பக்கமே இல்லை! ஆகவே இந்தச் சட்டத்தில் உள்ளதை அடியேன் வாசிக்கிறேன். பெரிய எழுத்து எம்! சின்ன எழுத்து கே! ஒன்று! எட்டு! எட்டு! அதன்பின் ஆச்சரியக்குறி! ஆம் அன்பர்களே, ஆச்சரியமேதான்!"

"பின்னால கேக்கலண்ணே!" என்று கத்தினார் யாரோ. அவர் இன்னும் இரண்டு முறை நிறுத்தி நிதானமாக வாசித்தார். விழா முகநூலில் நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. சுரேன் மேடையிலிருந்து எழுந்து நின்று கைதட்டினான். பிறகு இரண்டாம் நூல் முதல் நாற்பத்து மூன்றாம் நூல் வரை, அதே சட்டத்தின் நகல் நாற்பத்திரண்டு பேருக்கு வழங்கப்பட்டது.

அடுத்த வாரம் பள்ளிகளுக்கான விநியோகம் ஆரம்பித்தது. பழைய கையிருப்பு முழுவதையும் காகிதக் கூழாக அரைக்கக் கொடுத்துவிட்டார்கள். இனி எந்தப் பள்ளிக்கும் அச்சு நூல் கிடையாது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு கடவுச்சொல். அதை மின்னஞ்சலில் அனுப்பினால் யாராவது பார்த்துவிடலாம் என்று சுரேனுக்குப் பயம். எனவே அரக்கு வைத்த உறையில் வேன்மூலம் போக வேண்டும். கூடவே பயனர் கையேடு. பயிற்சி நூல் தொண்ணூற்றாறு பக்கம், அதைத் திறக்கச் சொல்லித்தரும் கையேடு நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஒவ்வொரு மாணவருக்கும் ஒன்று. வேன் டயர் பாதி அமுங்கிப் போனது.

"டிஜிட்டல் இம்புட்டு கனமா இருக்கும்னு யாரும் சொல்லலையே தம்பி," என்றார் அண்ணன்.

கடவுச்சொல்லுக்கு ஒரு விதி இருந்தது. தலைமையாசிரியர் மூன்று பிரதிகளில் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாள் அலுவலகத்துக்கு வந்து பதிவான பிறகுதான் கடவுச்சொல் வேலை செய்யும். பதிவாக இரண்டு நாள் ஆகும். பாதுகாப்பு கருதி, கடவுச்சொல்லின் ஆயுள் ஒரு நாள். ஆகவே உயிர் வருவதற்கு ஒரு நாள் முன்னாலேயே அது செத்துவிடும். உடனே புதியது ஒன்று அரக்கு வைத்துத் தயாராகும். அண்ணன் மறுபடியும் வேனை எடுப்பார்.

ஜூன் மாதம் முழுக்க ஒரே பள்ளிக்கு ஒன்பது தடவை போனார். வாசலில் காவலுக்கு இருக்கும் ஜாகா அவரைக் கண்டால் கதவைத் திறப்பதோடு காப்பியும் கலக்க ஆரம்பித்துவிட்டார். பிள்ளைகள் கையில் மட்டும் ஒரு பயிற்சிகூடப் போய்ச் சேரவில்லை.

நானாக இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். டிஜிட்டல் விழுந்தால் வேன் பிழைக்குமே! ஆனால் அண்ணன் ஒருநாள் முகம் வாடித் திரும்பி வந்தார்.

"வாணி டீச்சர் கரும்பலகைல மூணு மணி நேரமா கணக்க எழுதிப் போடறாங்க தம்பி. புள்ளைங்க அதப் பாத்து நோட்டுல எழுதுதுங்க. எழுதி முடிச்சதும் மணி அடிச்சிருது. கணக்கப் போட நேரமே இல்ல. பத்தொம்பது வருசத்துல நான் வெறுங்கையோட பள்ளிக்கொடத்துக்குப் போனதே இல்லலா."

அடுத்த தடவை உறையைக் கொடுத்தபோது வாணி டீச்சர் அதைப் பிரிக்கவில்லையாம். மேசை ட்ராயரைத் திறந்து, ஏற்கெனவே இருந்த எட்டு உறைகளோடு சேர்த்துப் போட்டுவிட்டுச் சொன்னாராம்:

"அண்ணே, உங்க ஆபீஸ் பாஸ்வர்ட் ஒண்ணும் வேணாம். எங்கிட்ட டத்தோவோடது இருக்கு. ரெண்டேகால் மணி நேரம் புள்ளைங்களப் படிக்கட்டுல உக்கார வச்சாரே, அந்தக் கடுப்புல அவரு சட்டத்துல என்னாதான் இருக்குன்னு ஒவ்வொரு எழுத்தா எழுதி வச்சேன். நேத்து போட்டுப் பாத்தேன். தொறந்துருச்சு."

பள்ளியில் ஃபோனுக்கு லைன் கிடையாது. செம்பனைக் குலை ஏற்றும் மேட்டில் ஏறி நின்றால் இரண்டு கோடு காட்டும். லோரி வந்தால் இறங்கிவிட வேண்டும். அதனால் வாணி டீச்சர் சனிக்கிழமை மஸ்ஜித் தானாவில் ஒரு அச்சுக் கடைக்குப் போய், டத்தோவாக உள்ளே நுழைந்து, அந்த வாரப் பாடத்தைப் பிள்ளைகளுக்கு எண்ணி அச்செடுத்தார். பக்கத்துத் தோட்டப் பள்ளிகள் ஐந்துக்கும் சேர்த்து. கட்டுகளை யார் கொண்டுபோவது? சவரியப்பன் அண்ணன்.

லைன் உள்ள பட்டணத்துப் பள்ளிகளுக்கு அச்சுகூடத் தேவைப்படவில்லை. யாரோ முகநூல் நேரலையை நிறுத்திப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். ஆசிரியர்களின் வாட்சாப் குழுக்களில் அது ஒரே நாளில் பரவியது. ஜூலை முடிவதற்குள் மாநிலத்தில் முக்கால்வாசிப் பிள்ளைகள் டத்தோ மருதமுத்துவாகிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அலுவலகத்தில் இது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் சுரேன் முதல் அறிக்கையைத் திரையில் போட்டான். மொத்தப் பயனர்கள்: ஒன்று. முதலாளியின் முகம் கறுத்தது. சுரேன் அசரவில்லை.

"சார், எண்ணிக்கையப் பாக்கறது பழைய காலத்து வியாபாரம். ஆழத்தப் பாருங்க. ஒரு பயனருக்குச் சராசரி நாப்பத்தோராயிரம் பயிற்சி! ஆசியாவுலயே கிடையாது. இதே ரேட்ல போனா, ரெண்டாவது பயனர் வந்தா எண்பத்திரண்டாயிரம்!"

"அந்த ஒருத்தர் யாரு?" என்றார் முதலாளி.

"டத்தோ மருதமுத்து சார்."

திரையில் டத்தோவின் முன்னேற்ற அட்டை தெரிந்தது. நான்காம் ஆண்டு கணிதத்தில் பின்னம்: மிக நன்று. வகுத்தல்: கவனம் தேவை. ஒன்றாம் ஆண்டில் உயிர்மெய் எழுத்துகளை எண்ணூறு முறை எழுதியிருந்தார். ஒரே சமயத்தில் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் இருந்து ஆறாம் ஆண்டு அறிவியலுக்கு இரண்டு வேறு விடைகள் அளித்திருந்தார்.

டத்தோவுக்குத் தெரியாதா என்றால், தெரியும். 'வாழ்த்துகள்! நீங்கள் ஏழாம் வாய்பாட்டை முடித்துவிட்டீர்கள்' என்று செயலி அவருக்கு வாரந்தோறும் செய்தி அனுப்பியது. தன் உதவியாளர் தன் பெயரில் ஏதோ நல்ல காரியம் செய்கிறார் என்று டத்தோ நினைத்தார். டத்தோ ரகசியமாகப் படிக்கிறார் என்று உதவியாளர் நினைத்தார். மரியாதை கருதி இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

செப்டம்பர் கடைசி வாரத்தில், சிறந்த டிஜிட்டல் மாணவர் விருது விழா நடந்தது. டத்தோ விருதைப் பெற்றுக்கொண்டு கண் கலங்கிப் பேசினார்.

"பேருக்காக நான் படிக்கல. சின்ன வயசுலேர்ந்தே எனக்குப் பின்னம்னா உயிரு. எத்தன பதவி வந்தாலும் ஒரு நாள் கணக்குப் போடலன்னா எனக்குத் தூக்கம் வராது. ஒரு டத்தோவால முடியுதுன்னா, இந்தத் தோட்டத்துப் புள்ளைங்களால ஏன் முடியல? எல்லாம் முயற்சி இல்லாததுதான் காரணம்!"

மேடைக்குக் கீழே வாணி டீச்சரின் பிள்ளைகள் பதினொரு பேரும் மறுபடியும் சலங்கையோடு உட்கார்ந்திருந்தார்கள். டத்தோவுக்குப் பின்னத்தில் மிக நன்று வாங்கிக்கொடுத்த பட்டணத்துப் பிள்ளைகளும் முன்னால் இருந்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள்.

செப்டம்பர் முப்பதாம் தேதி காலையில் அண்ணனை அறைக்குக் கூப்பிட்டார்கள். முந்தின நாளே நான் அவரிடம் மன்றாடியிருந்தேன்.

"அண்ணே, உண்மையப் போட்டு உடைச்சிருங்க. இந்த நாலு மாசத்துல உருப்படியா ஓடுனது உங்க வேன் மட்டும்தான். முதலாளிக்குத் தெரிஞ்சா வேலைய விட்டு எடுக்க மாட்டாரு."

"எடுக்க மாட்டாருதான். ஆனா அந்தப் பய அடுத்த நிமிசமே டத்தோவ மூடிருவான் தம்பி. புள்ளைங்களுக்கு அடுத்த மாசம் பரீட்ச." வேன் கதவில் சாய்ந்துகொண்டார். "எனக்கு இந்த வேல வேணும். ராத்திரில தூக்கமே வரல. செலஸ்டினும் எங்கூட முழிச்சிருக்கா."

அறையில் முதலாளியும் சுரேனும் இருந்தார்கள். அறிக்கையில் பிழை இருந்தால் பார்க்க வேண்டும் என்று என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். சுரேன் வாசித்தான்.

"நாலு மாசத்துல வேன் ஓடுனது பதினோராயிரத்து நானூறு கிலோமீட்டர். போன வருசம் இதே நாலு மாசம் மூவாயிரம். கொண்டுபோன சரக்கு, சைபர்."

"உறையக் கொண்டு போனேனே சார். கையேடு கொண்டு போனேன்."

"பாஸ்வர்ட் டிஜிட்டல் பொருள் அங்கிள், அதுக்கு எடை கிடையாது. கையேடு டிஜிட்டலோட ஒரு பகுதி, அதுக்கும் எடை கிடையாது. சிஸ்டம் ஏத்துக்காது. சரி, அத விடுங்க. சனிக்கிழம ஒவ்வொண்ணுக்கும் மஸ்ஜித் தானா போயிருக்கீங்க. அங்கேர்ந்து ஆறு தோட்டம். பதிமூணு சனிக்கிழம! லீவு நாள்ல வேன்ல என்னா கொண்டு போனீங்க?"

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. முதலாளியைப் பார்த்தார். முதலாளி மேசையில் இருந்த காகிதத்தை நேராக வைத்தார், பிறகு இன்னும் கொஞ்சம் நேராக வைத்தார்.

ஒரு வார்த்தை போதும். அச்சுக் கட்டு என்று சொன்னால் அறுபது வரைக்கும் வேலை. நான் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. என் பதவியும் புதுசு, சுரேன் அடுத்து என் பக்கம் திரும்பினால் என்ன செய்வது என்று பயம். பேசாமல் இருந்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

"ஒண்ணும் இல்ல சார்," என்றார் அண்ணன். "வெறும் வேன்தான்."

"சும்மா ஓட்டிட்டுப் போயிட்டு வந்தீங்களா?"

"ஆமா சார். பழக்கம்."

சுரேன் முதலாளியின் பக்கம் திரும்பினான். "பாத்தீங்களா சார்? இதுக்குத்தான் உருமாற்றம் வேணும்னேன்."

முதலாளி தலையாட்டினார். அண்ணனுக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். படம் எடுத்தார்கள். வேன் சாவியை மேசையில் வைக்கச் சொன்னார்கள். அவர் வைத்தார். சாவியில் கோர்த்திருந்த அந்தோணியார் பதக்கத்தை மட்டும் கழற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அண்ணன் படியிறங்கினார். வழியனுப்பும் சாக்கில் நானும் கூடப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். வாசலுக்கு வந்தபோது பின்னால் அவசரமாகச் செருப்புச் சத்தம் கேட்டது. முதலாளி இறங்கி வந்தார். மேலே சன்னலைப் பார்த்தார். சுரேன் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அண்ணனின் கையைப் பிடித்தார்.

"சவரி, தப்பா எடுத்துக்காதலா. விருதெல்லாம் குடுத்தாச்சு, பேப்பர்ல வந்துருச்சு. டத்தோ மொகத்துல நான் எப்பிடி முழிக்கிறது சொல்லு?"

"தெரியும் முதலாளி."

"எனக்கும் தெரியும், நீ என்னா கொண்டு போனேன்னு. ஜூலைலேர்ந்தே தெரியும்." குரல் இன்னும் தாழ்ந்தது. "எம் பேத்தி, அகல்யா. நாலாம் ஆண்டு. அவ ஸ்கூல்ல சொன்ன பாஸ்வர்ட்லதான் போட்டுட்டு இருந்தா. வாணி டீச்சர் அச்செடுக்கற கதையும் அந்த ஸ்கூல்லதான் கேட்டேன். இப்ப டாக்டர் அவளுக்குக் கண்ணாடி எழுதிக் குடுத்து, இனிமே ஃபோனப் பாக்கவே கூடாதுன்னுட்டாரு. பரீட்ச வருது. வாணி டீச்சர் எடுக்கற செட்டுல ஒண்ணு, பின்னப் பாடம் மட்டும், சனிக்கிழம கொண்டாந்து குடுத்துடு."

நான் அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் திட்டியிருப்பேன். அவர் பொன்னாடையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு நூல் கட்டுக்கு விலாசம் கேட்கிற குரலில் கேட்டார்:

"வகுத்தல் வேணாமா முதலாளி? டத்தோவே அதுலதான் வீக்கு."

"அதுவும் கொண்டா."

"கொண்டாறேன். பேத்திக்கு இல்லாமயா? ஆனா ஆறு தோட்டத்துக் கட்டும் சேந்து வருமே." அவர் முதலாளியின் இன்னொரு கையைப் பார்த்தார். அவசரத்தில் மேசையிலிருந்து எடுத்த வேன் சாவி அதில் இருந்தது. "எதுல கொண்டாறது?"